நெல்லின் ஈரமும் கடைசி ட்ரிப்பரும்: வேளாண் பொறியியல் படித்த அனுபவம்

ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஊரிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "பாப்பாவுக்கு அக்ரி இன்ஜினியரிங் கிடைக்கும்போல இருக்கு, சேர்க்கலாமா? முடிச்சா அக்ரி ஆபீசர் ஆயிடலாமா?" என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது. வேளாண்மை அலுவலர் பணிக்குக் கேட்கும் படிப்பு பி.எஸ்சி. வேளாண்மை. வேளாண் பொறியியல் படித்தவர்களுக்கு உரிய அரசுப் பணி வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர், டி.என்.பி.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு எழுதிப் போக வேண்டும். முதல் கேள்விக்குத்தான் போனில் பதில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். நெல்லைத் தவிர வேறு வெள்ளாமை தெரியாத குடும்பம். படித்தது கோயம்புத்தூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில். பல்கலைக்கழகம் உருவானது 1971இல். அடுத்த ஆண்டே அங்கே வேளாண் பொறியியல் கல்லூரி வந்துவிட்டது. திருச்சி மாவட்டம் குமுளூரிலும் இதே பல்கலைக்கழகத்துக்கு ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. இங்கெல்லாம் சேர வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தனிக் கலந்தாய்வு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள தனியார் கல்லூரிகள் பலவற்றிலும் பி.இ. வேளாண் பொறியியல் உண்டு. அதற்குப் பொதுவான பொறியியல் கலந்தாய்வு. இரண்டும் வெவ்வேறு விண்ணப்பம் என்பது தெரியாமல் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் போட்டு வையுங்கள்.

பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் நன்றாக வந்தால் இந்தப் படிப்பு கைவரும். விவசாயக் குடும்பத்தில் பிறந்தால் போதும், கணக்கு சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம் என்று நம்பிச் சேர்கிறவர்கள் முதல் இரண்டு செமஸ்டரில் ரொம்பத் திணறுகிறார்கள். ஏனென்றால் முதல் வருடத்தில் பெரும்பாலும் மற்ற பொறியியல் பிள்ளைகள் படிக்கும் அதே பாடங்கள்தான்: கணிதம், வரைபடம், இயந்திரவியல், வெப்ப இயக்கவியல், பட்டறை. கூடவே மண்ணியலும் உழவியலும். இரண்டாம் வருடத்திலிருந்து நான்கு கிளைகள் விரியும். பண்ணை இயந்திரங்கள் ஒன்று. மண், நீர்ப் பாதுகாப்பு ஒன்று. அறுவடைக்குப் பிந்தைய பதப்படுத்துதல் ஒன்று. சாண எரிவாயு, சூரிய உலர்த்தி என்று போகும் எரிசக்தி ஒன்று. வெளிநாடுகளில் இதே படிப்பு உயிரமைப்புப் பொறியியல் (பயோசிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்) என்ற பெயரிலும் நடக்கிறது. அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கமே 2005இல் தன் பெயரில் உயிரியலைச் சேர்த்துக்கொண்டது. மேல்படிப்புக்கு வெளியே போக நினைப்பவர்கள் அந்தப் பெயரிலும் துறைகளைத் தேட வேண்டும்.

இந்தப் படிப்பில் எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் போடும் ஒவ்வொரு கணக்குக்கும் வெளியே ஒரு வயலோ களமோ இருக்கிறது. அங்கே போய் அதே கணக்கை ஒரு தடவை அளந்து பார்த்தவர்களுக்குத்தான் படிப்பு நிற்கிறது. மனப்பாடம் செய்து எழுதியவர்களில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களும் உண்டு. நான்காம் வருடத்தில் ஒரு மோட்டாருக்கு எத்தனை ஹெச்.பி. வேண்டும் என்று விவசாயி கேட்டால் அவர்கள் விழித்தார்கள்.

எனக்கு அது நெல்லின் ஈரத்தில் தொடங்கியது.

பதப்படுத்தும் பொறியியலில் முதல் பாடமே ஈரப்பதம். தானியத்தின் ஈரத்தை இரண்டு விதமாகக் கணக்கிடுவார்கள். மொத்த எடையில் தண்ணீர் எத்தனை பங்கு என்பது ஈர அடிப்படை. உலர்ந்த பொருளின் எடைக்குத் தண்ணீர் எத்தனை பங்கு என்பது உலர் அடிப்படை. 100 கிலோ நெல்லில் 22 கிலோ தண்ணீர் இருந்தால் ஈர அடிப்படையில் 22 சதவீதம். அதே நெல் உலர் அடிப்படையில் 28 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், ஏனென்றால் 22ஐ 78ஆல் வகுக்கிறோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி இது. எல்லாரும் எழுதிவிடுவோம்.

குறுவை அறுவடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். செப்டம்பர், அக்டோபரில் அறுப்பும் மழையும் ஒன்றாக வந்து நிற்கும் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மழை அதிகமான வருடங்களில் அரசு கேட்டுத் தளர்வு வாங்கினால் கொஞ்சம் கூடும். எங்கள் நெல் 22 காட்டியது. "அஞ்சு பர்சன்ட்தானே எம்மா, நூறு கிலோவுக்கு அஞ்சு கிலோ குறையும், அவ்வளவுதான்" என்றார் அப்பா. களத்தில் நின்ற அத்தனை பேரும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். நான் நோட்டை எடுத்தேன். 100 கிலோவில் உலர்ந்த பொருள் 78 கிலோ. காய்ந்தாலும் அது மாறாது. காய்ந்தபிறகு அந்த 78 கிலோ மொத்த எடையில் 83 சதவீதமாக இருக்க வேண்டும். 78ஐ 0.83ஆல் வகுத்தால் 94 கிலோ. குறைவது ஐந்து கிலோ இல்லை, ஆறு கிலோ. 40 கிலோ சிப்பத்துக்கு 2 கிலோ 400 கிராம். இது திருட்டும் இல்லை, தராசுக் கோளாறும் இல்லை, தண்ணீர் போன கணக்கு என்று அப்பாவுக்குப் புரிந்தது. அன்றைக்குப் புரிந்த அளவுக்கு எந்த வகுப்பிலும் எனக்கும் அது புரிந்ததில்லை.

அதே களத்தில் இன்னும் சில விஷயங்கள். ஈரப்பத மீட்டர் ஒரு கைப்பிடி நெல்லைத்தான் பார்க்கிறது. குவியலின் மேல் நெல் காய்ந்திருக்கும், அடியிலும் நடுவிலும் ஈரம் நிற்கும். அதனால் ஐந்தாறு இடத்தில் கை விட்டு எடுத்துக் கலந்துதான் அளக்க வேண்டும். வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும் நெல்லை அப்படியே மீட்டரில் போட்டால் அளவு தவறும். ஆறவிட்டுப் போட வேண்டும். தார் ரோட்டில் உச்சி வெயிலில் மெல்லிசாகப் பரப்பி ஒரே மூச்சில் காயவைத்தால் நெல்லின் மேற்பகுதி சட்டென்று காய்ந்துவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர நேரம் கிடைக்காது, மணிக்குள் மயிரிழை விரிசல் விழும். வெளியே பார்த்தால் தெரியாது. மில்லில் அரைக்கும்போது நொய்யாகக் கொட்டும். ஆலைகளில் இருக்கும் உலர்த்திகளில் நெல்லைச் சூடான காற்றில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு தொட்டியில் சில மணி நேரம் ஆறப்போட்டு, திரும்பவும் ஓடவிடுவது இதற்காகத்தான். எங்கள் பாட்டி நெல்லைக் காலால் கிளறிக் கிளறி, மத்தியானம் கூட்டிக் குவித்து மூடி, சாயங்காலம் திரும்பப் பரப்புவார். பாடப்புத்தகம் சொல்வதும் அதே வேலையைத்தான் என்று தெரிந்தபோது பாட்டியின் மேல் எனக்கு மரியாதை கூடியது. பதப்படுத்துதலில் ஆர்வம் உள்ளவர்கள் தஞ்சாவூரில் இருக்கும் மத்திய அரசின் உணவுப் பதப்படுத்தும் தொழில்நுட்ப நிறுவனத்தை மேல்படிப்புக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் வளர்ந்த எனக்குச் சொட்டுநீர் புதுசு. கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தபிறகுதான் அதை வயலில் பார்த்தேன். பாடத்தில் ஒரு விதி வரும்: ஒரே பாத்தியிலுள்ள ட்ரிப்பர்களுக்குள், அதாவது செடியடியில் தண்ணீரைச் சொட்டவிடும் வாய்களுக்குள், தண்ணீர் வரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. சாதாரண ட்ரிப்பரில் வரத்து அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் அழுத்தம் 20 சதவீதம் குறைந்தாலும் வரத்து சுமார் 10 சதவீதம்தான் குறையும். குழாயின் விட்டம், செடி வரிசையோடு ஓடும் லேட்டரல் குழாயின் நீளம் எல்லாவற்றையும் இந்த ஒரு விதியை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

மூன்றாம் வருடத்தில் உடுமலைப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துக்குப் போனோம். தோட்டக்காரர் ஐயா, "அம்மணி, சொட்டுநீர் போட்டு நாலு வருசமாச்சு. முன்னால இருக்கற மரம் நல்லா இருக்குது, கடைசி ரெண்டு வரிசை மட்டும் நோஞ்சானா நிக்குது. உரம் போட்டும் ஏறலைங்க" என்றார். எங்களிடம் இருந்தது சில டம்ளர், ஒரு அளவு ஜாடி, ஒரு செல்போன் கடிகாரம். மணிக்கு 4 லிட்டர் ட்ரிப்பர் என்றால் 3 நிமிடத்தில் 200 மில்லி வர வேண்டும். லேட்டரல்களுக்குத் தண்ணீர் பிரித்துத் தரும் சப்மெயின் குழாயில் முதல் லேட்டரல், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ளது, மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் உள்ளது, கடைசி லேட்டரல் என நான்கு. ஒவ்வொன்றிலும் அதேபோல நான்கு இடம். மொத்தம் 16 டம்ளர். தலைமாட்டில் 190, 195 என்று வந்தது. கடைசி லேட்டரலின் கடைசியில் 110தான். மூன்று மாதம் உரம் போட்டுச் சரியாகாத சந்தேகம் அரை மணி நேரத்தில் தீர்ந்தது. செடிக்குப் பசி இல்லை, தாகம்.

அடுத்து ஏன் என்று பார்க்க வேண்டும். லேட்டரலின் கடைசி மூடியை, அதாவது எண்ட் கேப்பைக் கழற்றியதும் பழுப்பாக வண்டல் கொட்டியது. ட்ரிப்பர் வாயில் வெள்ளைப் பொருக்கு. தோட்டத்திலேயே எலுமிச்சை இருந்தது. பொருக்கின் மேல் சாறு விட்டதும் நுரைத்தது. அப்படி நுரைத்தால் சுண்ணாம்பு உப்பு, போர் தண்ணீரிலிருந்து வருவது. அதற்கு அமிலச் சிகிச்சை. குழாயில் போகும் தண்ணீரின் கார அமில நிலை (pH) 4க்கு வரும் அளவுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலுத்தி, மோட்டாரை நிறுத்தி, ஒரு நாள் அப்படியே விட்டு, மறுநாள் கடைசி மூடிகளைத் திறந்து அலசி விட வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். அதையும் அமிலத்தையும் ஒரே நேரத்தில் விட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து. இந்த இரண்டையும் விவசாயியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். கிணற்றுத் தண்ணீர் என்றால் பாசிக்கு மணல் வடிகட்டி, போர் தண்ணீரில் மணல் வந்தால் தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோ சைக்ளோன், அதற்குப் பிறகு திரை வடிகட்டி. மானியத்தில் எதைக் கொடுத்தார்களோ அதை மாட்டிவிட்டுப் போன தோட்டங்கள் ஏராளம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். அதனால் போடுவது இன்று பெரிய பிரச்சினை இல்லை. போட்டு நான்கு வருடம் கழித்தும் கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்க்க ஆள் இல்லாததுதான் பிரச்சினை. இந்த வேலைக்கு நம் படிப்பைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

டிராக்டர் விஷயத்துக்கு வருகிறேன். பையன்கள் இதற்காகவே சேர்வார்கள். ஆனால் டிராக்டர் ஓட்டத் தெரிவதும் டிராக்டரைப் படிப்பதும் வேறு வேறு. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய ஓர் அண்ணன். சக்கரம் வழுக்குவதை அளக்கச் சொல்லியிருந்தார்கள். கருவி எதுவும் வேண்டாம். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிவைத்துக்கொண்டு சக்கரம் 10 சுற்று சுற்றினால் எத்தனை மீட்டர் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை மண்ணில் இறக்கி அதே 10 சுற்று. முதலில் 40 மீட்டர், அடுத்து 34 மீட்டர் என்றால் வழுக்கல் 15 சதவீதம். 10இலிருந்து 15 வரை இருந்தால் நல்லது. அதற்கு மேலே ஏறினால் டீசல் மண்ணைப் பிறாண்டுவதற்குப் போகிறது, டயரும் தேய்கிறது. டயருக்குள் தண்ணீர் நிரப்பியோ இரும்பு எடை மாட்டியோ பின்பக்கப் பாரத்தைக் கூட்ட வேண்டும். ரொம்பக் குறைவாக இருந்தால் வண்டி தேவையில்லாத பாரத்தைச் சுமந்து மண்ணை அழுத்துகிறது. "எனக்கு சத்தத்துலயே தெரியும் பாப்பா, ஆனா நீ சொல்ற நம்பரை ஓனர்கிட்ட சொன்னா அவரு எடை மாட்டித் தருவாரு" என்றார் அந்த அண்ணன். பொறியாளர் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

உழவு வாடகையில் வரும் சண்டையும் கணக்குதான். ஒன்றரை மீட்டர் அகல ரோட்டாவேட்டர் (சுழல் கலப்பை), மணிக்கு 3 கிலோமீட்டர் வேகம். பெருக்கினால் மணிக்கு 4500 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். ஆக ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று காகிதம் சொல்லும். வரப்பு ஓரத்தில் திருப்புவது, ஒரு சால் மேல் இன்னொரு சால் ஏறுவது எல்லாம் சேர்ந்தால் 75 சதவீதத் திறன்தான் கிடைக்கும். அப்போது ஏக்கருக்கு 70 நிமிடத்துக்கு மேல் ஆகும். டிரைவர் ஏமாற்றவில்லை. வயல் நீளவாக்கில் ஓட்டினால் திருப்பம் குறையும், வாடகையும் குறையும். துண்டு துண்டான வயலுக்கு இந்த 75ம் கிடைக்காது.

டிராக்டர் எஞ்சினின் சக்தியைக் கருவிகளுக்குக் கொடுக்கும் பிடிஓ தண்டைப் பற்றி ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். மேல் உறை இல்லாமல் சுற்றும் தண்டில் வேட்டி நுனியோ துப்பட்டாவோ சிக்கினால் கையை எடுக்க நேரம் இருக்காது. லேபில் துப்பட்டாவைக் கழற்றிவைக்கச் சொன்னால் சங்கடப்படாதீர்கள். ஊரில் கதிரடிக்கும் இடத்தில் உறை இல்லாத தண்டைப் பார்த்தால், எவ்வளவு பெரியவர் வண்டியாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சில வார்த்தை. சேரும்போது, "பொம்பளப் பிள்ளைக்கு டிராக்டர் படிப்பு எதுக்கு?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். நடவும் களையும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. ஆனால் கருவிகளில் நிறைய ஆண்களின் உயரத்தையும் கைப்பிடியையும் வைத்துச் செய்தவை. கோயம்புத்தூரில் வேளாண் பணிச்சூழலியலுக்கென்றே ஆராய்ச்சித் திட்டம் நடக்கிறது. களையெடுக்கும்போது இதயத்துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, அதை வைத்துக் கருவியின் எடையையும் கைப்பிடி உயரத்தையும் மாற்றுவார்கள். நெல் வயலில் தள்ளிக் களையெடுக்கும் கோனோ வீடரை ஒரு சால் தள்ளிப் பார்த்துவிட்டு, கைப்பிடி தோளுக்கு எட்டுகிறதா இடுப்புக்கு எட்டுகிறதா என்று சொல்லும் பொறியாளர் அந்தக் குழுவில் அவசியம் இருக்க வேண்டும். அது நீங்களாக இருக்கலாம்.

சர்வே பாடத்தைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்க லெவல் பிடிக்கத் தெரிந்தவருக்குத் தடுப்பணை, பண்ணைக்குட்டை, நிலம் சமன்படுத்துதல் எதிலும் வேலை உண்டு. மழைநீர் எவ்வளவு ஓடும் என்று கணக்கிடும் அமெரிக்க முறையைப் படிக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம். கரிசல் மண் கோடையில் வெடித்துக் கிடக்கும். முதல் மழையை வெடிப்பே குடித்துவிடும். நனைந்து வெடிப்பு மூடியபிறகு அதே அளவு மழை பெய்தால் பெரும்பகுதி ஓடிவிடும். அதனால்தான் இந்தியக் கரிசலுக்கு மாறிலியை மாற்றிப் போடுகிறோம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு தடவை கோடையிலும் ஒரு தடவை ஐப்பசியிலும் போய்ப் பாருங்கள்.

வேலை விஷயம். முதுகலைக்கு கேட் தேர்வில் வேளாண் பொறியியலுக்கெனத் தனித்தாள் உண்டு. காரக்பூர் ஐஐடியில் இந்தத் துறை பழமையானது, பெரியது. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வும் எழுதலாம். டிராக்டர், சொட்டுநீர் நிறுவனங்கள் கேம்பஸுக்கு வரும்; தொடக்கச் சம்பளம் கணினித் துறையோடு ஒப்பிட்டால் குறைவு. இதை மறைத்துச் சேர்த்துவிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். அரசுத் தேர்வோ அறிவிப்பு வந்தால்தான் உண்டு. அதை மட்டும் நம்பி வருடக்கணக்கில் அறையில் உட்கார்ந்து படிக்கும் சீனியர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. படித்துக்கொண்டே ஒரு வேலையில் இருங்கள். கடைசி வருட நிறுவனப் பயிற்சியைக் கையெழுத்து வாங்கும் சடங்காக முடிக்காமல், சர்வீஸ் மெக்கானிக்கோடு பைக்கில் ஏறிப் போங்கள். என்னோடு படித்தவர்களில் முதலில் வேலை கிடைத்தவர்கள் அப்படிப் போனவர்கள்தான்.

இனி சேரப் போகிறவர்களுக்கு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு நடை நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். கல்லூரிக்குச் சொந்தமாகப் பண்ணை இருக்கிறதா, அதில் இப்போது என்ன பயிர் நிற்கிறது, பட்டறையில் இருக்கும் டிராக்டர் ஓடுகிறதா, அதைப் பிள்ளைகளே ஓட்டுகிறார்களா அல்லது சுற்றி நின்று பார்த்துவிட்டு ரெக்கார்ட் எழுதுகிறார்களா என்று கேளுங்கள். ஆசிரியரிடம் கேட்பதைவிட மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் கேளுங்கள். கேன்டீனில் இருப்பார்கள், உள்ளதைச் சொல்வார்கள்.